சிறுநீரகப் படத்தில் ஒரு சுண்டுவிரல்

என் வலக்கைச் சுண்டுவிரல் கோணல். பள்ளியில் ரக்பி ஆடும்போது முறிந்தது. ஒட்டிய லட்சணம் அப்படி. நுனி தனியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்கும். இந்தக் கதையில் யோக்கியமாக நடந்துகொண்டது அந்த விரல் ஒன்றுதான்.

ஆஸ்திரேலியாவில், டுவூம்பா நகருக்கு வெளியே எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரி. மூன்றாம் ஆண்டு. அன்று எக்ஸ்ரே அறையில் முறை ஜசிந்தாவுடையது. பதிவேட்டிலும் அவள் பெயர்தான். கன்று ஈன முடியாமல் ஒரு பசு தவிக்கிறது, உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவளைத் தொழுவத்துக்குக் கூப்பிட்டார்கள். நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனிதன்போல் சொன்னவன் நான்.

மேசையில் மல்லாந்து கிடந்தது பிப்பின் என்ற கெல்பி நாய். மயக்க ஊசி போட்டும் முழுதாக அடங்கவில்லை. காலைக் கட்டி, மணல் மூட்டை வைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய்த்தான் பொத்தானை அழுத்த வேண்டும். கதிர் படும் இடத்தில் மனிதக் கை கூடவே கூடாது. முதல் நாள் பாடமே அதுதான். வெளியே சாசேஜ் சுடும் வாசனை. வாங்க நிற்கும் வரிசை நீண்டுவிடுமே என்று எனக்கு அவசரம். வெறும் வலக்கையால் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு, நீள ஒயரில் தொங்கிய பொத்தானை இடக்கையால் அழுத்தினேன். படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தின்னிப் பயல்.

மறுநாள் எங்கள் பேராசிரியர் டாக்டர் மோய்ரா ஜசிந்தாவைக் கூப்பிட்டனுப்பினார். படத்தின் கீழ்மூலையில் மனித விரல் எலும்புகள். தன் கை இல்லை என்றாள். யார் கை என்றதற்கு, செய்தவர்களே சொல்லட்டும் என்றாளாம். அறை அவள் பொறுப்பு. லாங்ரீச் பண்ணையில் அவளுக்குக் கிடைத்திருந்த பயிற்சி இடத்தை நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் உண்மை தெரியாவிட்டால் அது வேறொருவருக்கு. ஒரு வருடமாக அவள் காத்திருந்த இடம் அது.

நானோ ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியவன். இன்னொன்று வந்தால் அதே ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். நடைக்கூடத்தில் அவள் என்னைப் பார்த்தபோது குனிந்து பூட்ஸ் கயிறு கட்டுவதுபோல் பாவனை செய்தேன். நான் போட்டிருந்தது கயிறே இல்லாத பூட்ஸ். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வியாழக்கிழமை வகுப்பில் அதே படத்தைப் பெரிய திரையில் போட்டார் மோய்ரா. மூலையில் இருந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சிறுநீரகங்களைக் காட்டு என்று என்னைக் கூப்பிட்டார். அது எனக்குத் தண்ணி பட்ட பாடு. கூச்சநாச்சமில்லாமல் எழுந்து போனேன். வலது சிறுநீரகம் முன்னால், கடைசி விலா எலும்பை ஒட்டி, நுனி கல்லீரலுக்குள் பதிந்திருக்கும்; இடது கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும் என்று ஒப்பித்தேன். அளவு என்ன என்றார். இடுப்பின் இரண்டாவது முதுகெலும்புதான் அளவுகோல். நாய்க்கு அதைப்போல் இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும். திரையில் அந்த எலும்பு சரியாக ஒரு சாண். வலக்கையின் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்தேன். இடது சிறுநீரகத்தை அளந்தேன். இரண்டு சாண்கூட வரவில்லை.

"சுருங்கிப்போயிருக்கு" என்று பெருமையாகத் திரும்பினேன்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார்கள். பிறகு படத்தின் மூலையைப் பார்த்தார்கள். அங்கே முழ நீளத்துக்கு ஒரு சுண்டுவிரல், நுனி வெளியே பார்த்துக்கொண்டு.

"கையை எடு. கிட்னி தெரியல" என்றார் மோய்ரா.

எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான்தான்" என்றேன். "அன்னிக்குப் பிடிச்சது நான்தான். ஜசிந்தா அங்க இல்லவே இல்ல."

ஜசிந்தா நோட்டை மூடினாள். "நீ எங்க சொன்ன? உன் விரல்தானே சொல்லுச்சு" என்றாள்.

மறுநாள் அவள் லாங்ரீச் போவது உறுதியானது. நான் இப்போது மறுபடியும் மூன்றாம் ஆண்டு.