கிலுகிலுப்பைக் கசாயம்

முற்றத்தில் செத்துப்போன கத்தரீனாவைச் சவப்பெட்டிக்குள் வைத்துச் சனம் செபமாலை சொல்லிக்கொண்டிருக்க, அவளுடைய புருசன் சிமியோன் வீட்டின் பின்பக்கம் நின்று கிலுகிலுப்பைச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு லூர்த்தம்மா வந்து கையைப் பிடித்தாள்.

"என்னண்ணை செய்யிறியள்?"

"உதுதான் கத்தரீனாவைத் திண்டது. நான்தான் மூண்டு மாதமாய் அவிச்சுக் குடுத்தனான்."

லூர்த்தம்மா அவருடைய முகத்தைப் பார்த்தாள். குருநகரில் யாரும் நம்பாத முகம் அது. ஒரு திருக்கை தன் வள்ளத்தை இராமேஸ்வரம் வரை இழுத்துப்போய், கோயிலைக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விட்டது என்று சிரிக்காமல் சொன்ன முகம். ஒன்றே ஒன்றைத்தான் ஊர் நம்பியது. தொண்ணூற்றிரண்டில், பொருளாதாரத் தடையால் மருந்துக்கடையில் வெறும் இறாக்கைத் தட்டுகள் மட்டும் மிஞ்சியிருந்த நேரம், இந்த இலைக் கசாயத்தில் மூன்று மிடறு குடித்துவிட்டு, காய்ச்சலில் சாகக் கிடந்த தன் அப்பன் எழும்பிப்போய் இரண்டாம் கலியாணம் முடித்தார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு இலை கேட்டார்கள். சொல்லிச் சொல்லிக் கடைசியில் அவரும் நம்பிவிட்டார்.

கத்தரீனாவுக்கு வயிறு ஊத ஊத, இன்னும் ஒரு பிடி கூடப் போட்டார்.

"கைக்குது மனுசா."

"கைச்சாத்தான் வேலை செய்யும்."

குடித்துவிட்டு அவள் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுவாள். ஆசுப்பத்திரியில் டொக்டர் இலையைப் பார்த்து, "ஐயா, இது நஞ்சு. ஈரல் முழுக்க அழிஞ்சுபோச்சு" என்ற அன்று காலையிலும் கவிழ்த்துக் காட்டியிருந்தாள்.

"மெய்யாத்தான் சொல்லுறன் பிள்ளை. என்ரை அப்பன் காய்ச்சலிலையே செத்தவர். உந்த இலையை அவர் கண்ணாலையும் காணேல்லை" என்றார் சிமியோன்.

லூர்த்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவீடென்று அடக்கிக்கொண்டாள்.

"இண்டைக்குமா அண்ணை உங்கடை கதை? என்ரை மகள் ஸ்ரெல்லாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. ஆசுப்பத்திரியிலை மருந்தில்லையெண்டு அனுப்பிப்போட்டினம். பிள்ளைக்கு ஒரு பிடி தாங்கோ."

"வேண்டாம் பிள்ளை. கும்பிட்டுக் கேக்கிறன்."

"மனமில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ."

பெட்டி மூடப் பங்குச் சுவாமி வந்துவிட்டார். இரண்டு பேர் வந்து சிமியோனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள்.

"லூர்த்தம்மாவை மறியுங்கோ. அது நஞ்சு" என்றார்.

"ஓமோம், வாங்கோ" என்றார்கள்.

அவர் குனிந்து கத்தரீனாவின் மஞ்சள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். செபம் அடங்கியிருந்தது. லூர்த்தம்மா பின்பக்கத்தால் வந்து பெட்டியின் கால்மாட்டில் முழந்தாளிட்டாள். அவளுடைய மடிக்குள் இலைக்கொத்தோடு முற்றிய நெற்றுகள் மெல்லக் கிலுகிலுத்தன.