ஏழாவது பெஞ்சிலிருந்து தெரியும் வீடு

1

இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது. நடக்கப் போன பூங்காவில் இரண்டு சுற்றுக்கு மேல் முடியாமல் ஒரு பெஞ்சில் சாய்ந்தேன். ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த வீடுகளைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய் அங்கேயும் அதையே செய்தாள். ஏதோ காதல் விவகாரம் என்று நான் மனதுக்குள் பாதிக் கதையை எழுதியே விட்டேன். விசாரித்தால் அவள் கட்டடக்கலைஞர், வேலையே அதுதானாம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்த வேலையின் விதியை அவள் சொன்ன பிறகுதான் மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன். (இதற்குப் பின் வருவதெல்லாம் என் சரக்கு. அவள் மேல் பழி போடாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘நூற்றாண்டுகளின் மௌன சாட்சியாக அந்த வீடுகள்…’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாவது: ‘பூங்கா முதலில் ஒரு பள்ளமாக இருந்தது.’ இது தேவலை. அங்கேதான் மண்ணைத் தோண்டினார்கள், அங்கேயே சூளை போட்டுச் செங்கல் சுட்டார்கள், அந்தச் செங்கலாலேயே பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி வீடுகளைக் கட்டினார்கள். தோளோடு தோள் ஒட்டிய ஒடுக்கமான வீடுகள். மாடி ஜன்னல்களுக்கு மேலே செங்கல் வளைவு. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு பிடுங்கியதும், பாதி தூர்த்து மரம் வைத்தார்கள். பூங்கா தாழ்ந்தும் வீடுகள் உயர்ந்தும் நிற்பது அதனால்தான். ஒவ்வொரு வாசலிலும் ஐந்து கல்படிகள் இருப்பதும் அதனால்தான்.

கட்டடக்கலைஞருக்கு அந்தப் படிகள் என்றால் உயிர். இந்தப் பேட்டை பிறந்த கதையே அதில்தான் இருக்கிறது என்பாள்.

இனி விதி. பேட்டையின் பழைய வீடுகளைக் காக்கும் குழுவுக்காக அவள் ஏழு பெஞ்சுகளிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெஞ்சிலிருந்து கண்ணில் படுகிற எதையும் வீட்டுக்காரர்கள் மாற்றக் கூடாது. கண்ணில் படாதது அவரவர் இஷ்டம்.

3

பல்செட் செய்து பிழைக்கும் ஓர் அக்கா, வாசலில் சரிவுப் பாதை கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். அவளுடைய தம்பிக்குப் போன வருடம் முதுகெலும்பில் அடி. சக்கர நாற்காலி.

(அவனை லிஃப்ட் மெக்கானிக் ஆக்கியிருந்தேன். ஐந்து படி இறங்க முடியாத லிஃப்ட் மெக்கானிக். எழுதிய ஜோரில் காபி குடித்துவிட்டு வந்து படித்தால் கூசியது. அடிபட்டவனை வைத்துச் சாமர்த்தியம் காட்டுவதா? பள்ளி வேன் டிரைவராக மாற்றிவிட்டேன்.)

ஆள் ஆறடி, தொண்ணூறு கிலோ. பேட்டையில் எல்லாரும் கூப்பிடுவது ‘சுண்டெலி’.

முன்னறையில் பல் அச்சுகளை ஒதுக்கிவிட்டு அக்கா நாற்காலி போட்டாள்.

“பின்பக்கமா வழி இருக்கா?” என்றாள் கட்டடக்கலைஞர்.

“பின்னாடி அடுத்த வீட்டுச் சுவரு மேடம். இந்த ஒரு வாசல்தான். முன்னெல்லாம் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கி எறக்குவோம். ஒருநாள் மூணாவது படியில வழுக்கி மூணு பேரும் விழுந்தோம். அதுலேர்ந்து ‘நான் வரலக்கா’ன்னுட்டான். நாலு மாசமாச்சு, வெயில் மேல படல அவனுக்கு.”

“அந்தப் படி ரொம்பப் பழசுங்க. அதை மறைச்சா…”

“தெரியும் மேடம். பெஞ்சுல உக்காந்து பாக்கறவங்களுக்கு அழகா இருக்கணும். உள்ள இருக்கறவங்களை யாரு பாக்கறா?”

கட்டடக்கலைஞருக்கு அழுகை வந்தது என்று எழுதி அடித்துவிட்டேன். வெட்கம்தான் வந்தது.

4

என் கையில் பேனா இருக்கிறது. ‘உண்மையில் அந்தப் படிகள் போன தலைமுறையில் கட்டியவை’ என்று ஒரு வரி போட்டால் எல்லாம் சுபம். ஆனால் பள்ளத்தை நானே தோண்டிவிட்டேன். இப்போது மூடினால் இரண்டாம் பகுதியை நம்பிய நீங்கள் என்னைச் சும்மா விடமாட்டீர்கள்.

ஒரு மரத்தை நட்டு வாசலை மறைக்கலாம். மரம் வளர்வதற்குள் அவன்…

(இதை முடிக்க மனம் வரவில்லை.)

கட்டடக்கலைஞர் என்னைவிடக் கெட்டிக்காரி. அந்த வாசல் ஏழாவது பெஞ்சிலிருந்து மட்டும்தான் தெரியும். வீடுகளைக் கட்டிக் காத்த குழுவுக்குப் பெஞ்சைக் காக்கத் தோன்றவே இல்லை. பெஞ்சை எடுத்துவிட்டால் பார்க்க ஆளில்லை. சரிவுப் பாதை போட்டுக்கொள்ளலாம். விதியும் மீறப்படாது.

அவள் துள்ளிக் குதிக்காத குறையாக வந்து சொன்னாள். அக்கா முகம் மலர்ந்தது. ஜன்னலோரம் இருந்த சுண்டெலிதான் மறுத்துத் தலையாட்டினான்.

“வேணாம் மேடம்.”

“ஏன்டா? கெடைக்கறதைக் கெடுக்காத,” என்றாள் அக்கா.

“பெஞ்சை எடுத்துட்டா நான் எறங்கி எங்கக்கா போறது? வண்டியை அது பக்கத்துல நிறுத்திக்கலாம்னு இருந்தேன். யாராச்சும் வந்து உக்காருவாங்க, ரெண்டு வார்த்தை பேசலாம். பாக்கறதுக்கு ஆளே இல்லாத எடத்துக்கு வர்றதுக்கு, இங்கயே இருந்துட்டுப் போறேன்.”

இந்த வசனத்தை நான் திட்டமிடவில்லை. அவன் பேசியதும் என் முடிவு சுக்குநூறானது.

5

கட்டடக்கலைஞர் மறுபடி ஏழாவது பெஞ்சுக்கு வந்திருக்கிறாள். பாதை கண்ணை உறுத்தாது என்றால் விதியைத் தளர்த்தலாம் என்கிறது குழு; நாளைக்குள் அவள் தன் கருத்தைச் சொல்லியாக வேண்டும். படிகளின் மேல் வைத்த ஆசையால் தன் கண்ணையே அவளால் நம்ப முடியவில்லை. இந்தப் பெஞ்சில் உட்கார்கிற சாதாரண ஆள் ஒருவரைக் கேட்டு, அவர் சொல்வதையே எழுதிவிடுவது என்று முடிவுசெய்திருக்கிறாள்.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். முதலில் என்னை உட்கார வைத்தேன். அது சரியில்லை, எனக்கு அவன்மேல் பாசம் வந்துவிட்டது. ஆகவே எழுந்துகொண்டேன். நீங்கள் உட்காருங்கள்.

எதிரே ஐந்து படிகள், வெயிலில், நிஜமாகவே அழகாக இருக்கின்றன. அவள் உங்கள் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்:

“அங்க ஒரு சரிவுப் பாதை வந்தா, உங்க கண்ணை உறுத்துமாங்க?”

சொல்லுங்கள். ஜன்னலிலிருந்து அவன் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.