அத்தை ஊதிய கார்னெட்

என் மகள் லோசாவின் தாடையில் இருந்தது கடைவாய்ப்பல் வீக்கம் இல்லை, எலும்புப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. அந்த வயதில், அதுவும் தாடையில் வருவது அபூர்வமாம். அபூர்வத்துக்கு என் வீட்டு முகவரிதானா கிடைத்தது? முதலில் மருந்து ஏற்றி, பிறகு பாதித் தாடையை எடுத்துவிட்டுக் காலெலும்பில் ஒரு துண்டை அங்கே வைப்போம், பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் ஆக்லாந்து டாக்டர்.

"அப்புறம் கார்னெட் ஊத முடியுமா?" என்று கேட்டாள் லோசா.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"அப்போ எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

கார்னெட் என்பது குட்டி ட்ரம்பெட் மாதிரி; எங்கள் சர்ச் பேண்டில் அதை முதல் நாற்காலியில் உட்கார்ந்து ஊதுபவள் அவள்தான். பேண்ட் மாஸ்டர் நான். கெஞ்சினேன், கத்தினேன். மசியவில்லை. கடைசியில் எங்கள் பூர்வீகத் தீவு நாடான தொங்காவிலிருந்து என் அக்கா தோகிலூபேயை வரவழைத்தேன். எங்கள் ஆட்களில் அப்பாவின் அக்கா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஓர் அதட்டல் போதும் என்று நினைத்தேன்.

அக்கா அதட்டவில்லை. "கார்னெட்டை இங்க குடுடி. நீ திரும்பி வர்ற வரைக்கும் உன் நாற்காலியில உக்காந்து நான் ஊதுறேன்."

"அத்தை, உங்களுக்கு ஊதவே தெரியாதே!"

"எந்தப் பய என்னைக் கேப்பான்?"

லோசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாவம் அப்பா!" என்றாள். ஆபரேஷனுக்குச் சரி என்றும் சொன்னாள்.

"கால் எலும்பை வாயில வெச்ச பிறகு, நீ ஒருத்தனைக் கடிச்சா உதைச்ச கணக்கு" என்றாள் அக்கா.

எட்டு மாதம். ஞாயிறுதோறும் என் அக்கா கன்றைத் தொலைத்த மாடு மாதிரி ஊதினாள். போதகர் கண்ணை மூடி ஜெபித்தார். எதற்காக என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் சுருதி தப்பு என்று நான் சொல்வதா? எங்களில் எவனும் சொல்ல மாட்டான்.

பிறகு ஒரு சனிக்கிழமை ஒத்திகைக்கு லோசா வந்தாள். முகம் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது, தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. கார்னெட்டை வாங்கி ஊதினாள். உதட்டோரம் காற்றும் எச்சிலும்தான் வந்தன. மறுபடி ஊதினாள். மூன்றாம் முறை கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"என்னைவிட மோசம்" என்றாள் அக்கா.

தம்பி மகளுக்காக எழுந்து நிற்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அக்கா எழுந்தாள்.

"உக்காரு. இனி உன் பாடு, உன் அப்பன் பாடு."

நான் தாளம் போடக் கையைத் தூக்கினேன். அழுகை முந்திக்கொண்டது.