மூன்று தலைமுறை வார்னிஷ்

எங்கள் கொள்ளுத் தாத்தா காட்டுப்பன்றியை நேருக்கு நேர் நின்று சுட்டவர். அந்தக் காட்சி அவருடைய துப்பாக்கியின் மரக்கட்டையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியவர் அன்று கூடவே காட்டுக்குப் போன தச்சர். கண்ணால் காணாததை ஒரு கீறல்கூடப் போடாதவர் என்று நானே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

குடும்பத் தலைவர் காலமானதும், மூத்த மகன் அந்தக் கட்டைக்கு ஒரு பூச்சு வார்னிஷ் அடிக்க வேண்டும். ஆயுளுக்கு ஒரே முறை. வேறு யாரும் அடிக்கக் கூடாது. தாத்தா அடித்தார், அப்பா அடித்தார், நான் அடித்தேன். மரியாதையில் யாரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. பூச்சின்மேல் பூச்சேறி, செதுக்கிய பன்றி உருளைக்கிழங்காகிவிட்டது. கொள்ளுத் தாத்தா ஒரு மேடு, பின்னாலிருந்த மரம் இன்னொரு மேடு.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துப்பாக்கியை வேட்டைச் சங்கக் கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. முன்கூட்டிப் பார்க்க வந்த செயலாளர், இது என்ன பூசணிக்காயா என்று கேட்டார். அன்றே கட்டையைக் கழற்றி மெருகுக்காரரிடம் கொடுத்தேன்.

வாங்கி வர மருமகளோடு போனேன். அவள்மேல் எனக்கு ஒரே குறை. பேரனுக்கு எங்கள் கழுகு மூக்கு வரவில்லை. பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தியதுபோல் அவள் வீட்டு மூக்கு. மூன்று வருடமாக வாரம் தவறாமல் அதைச் சொல்லி வருகிறேன். அவளும் வாரம் தவறாமல் கேட்டுக்கொள்கிறாள்.

மெருகுக்காரர் வேலையை விளக்கினார். பழைய வார்னிஷைக் கரைத்து, பல் துலக்கும் பிரஷால் இடுக்கெல்லாம் சுரண்டியிருந்தார். பிறகு கரும்பழுப்புச் சாயத்தைத் தடவி, காய்வதற்குள் துணியால் மேலோட்டமாகத் துடைத்தாராம். மேட்டில் சாயம் போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். கடைசியாக உள்ளங்கையால் மெல்லிசாக எண்ணெய்.

"கண்ணிமைகூடத் தெரியுதுங்க ஐயா," என்று ஜன்னல் பக்கம் திருப்பினார்.

தெரிந்தது. பன்றிக்கு எதிரே துப்பாக்கியோடு நின்றவரின் இடுப்பில் உளி செருகியிருந்தது. மூக்கு சப்பை. மரத்தின் உச்சாணிக் கிளையை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு ஒருவர் தொங்கினார். அவருக்குக் கழுகு மூக்கு. வேட்டி பாதி வழியில் முள்ளில் மாட்டியிருந்தது.

மருமகள் நெடுநேரம் பார்த்தாள். "மூக்கு ரொம்ப நல்லா வந்திருக்கு, மாமா."

நான் மெருகுக்காரரைத் தனியே அழைத்து, இதை மறைக்க வழி உண்டா என்று கேட்டேன். தடிமனாக ஒரு பூச்சு வார்னிஷ் போதும் என்றார். பிரஷை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

"மாமா," என்றாள் மருமகள், பின்னாலிருந்து. "உங்க பூச்சை நீங்க அப்பவே அடிச்சாச்சே. ஆயுசுக்கு ஒண்ணுதான்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அப்போ உன் புருஷன் அடிக்கட்டும்."

"அவரு அடிக்கணும்னா..." என்று ஆரம்பித்தவள், மரியாதை தெரிந்த பெண், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "வேணாம் மாமா. நீங்க நூறு வருஷம் இருக்கணும்."

குடும்ப வழக்கம் குடும்ப வழக்கம்தான். பிரஷைக் கீழே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியை மாட்டினார்கள். மாலை போட்டார்கள், என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்தார்கள். கடுமையான ஜலதோஷம் என்று சொல்லி, கூட்டம் முடியும்வரை நான் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.