சீமாட்டி பார்த்த ஒத்திகை

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜப்பானிய அரண்மனையில் பூத்த கதைக்கலை, கடல் பல கடந்து, இன்று புதுச்சேரி மண்ணில் மறுபிறவி எடுக்கிறது" என்று முழங்கியது அழைப்பிதழ். மறுபிறவி எடுத்த இடம் தவளக்குப்பம் சந்திப்பில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி. கீழே நடந்த மஞ்சள் நீராட்டு விழாவுக்கு மண்டபத்து மைக்குகள் போய்விட்டதால், அங்கிருந்தே ஒன்றைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

அழைப்பிதழை எழுதியவர் மதிவாணன். வேலை பார்த்த மில்லை மூடியபின் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆனவர். ஹைக்கூ மன்றத்தின் நிறுவனர், தலைவர், பல கூட்டங்களில் பார்வையாளரும் அவரே. அன்று மாலை மன்றம் அவருக்கு 'ஹைக்கூப் பேரொளி' பட்டம் கொடுக்க இருந்தது. விஷயம் அவருக்குத் தெரியாது என்பது ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் அவர்தான். இத்தனை வருஷமாக அவர் கவிதை வாசித்தால் "சோறு ஆறுது" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத மனைவி தாமரைச்செல்வி, முன்வரிசையில் உட்கார்ந்து ஒருமுறையாவது முகம் மலர வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை.

அன்றைய விழாவில் கதை சொல்லப்போகும் ரோபோவைச் செய்தவள் பொறியியல் மாணவி கார்குழலி. இடுப்புயரம், அம்மாவின் பழைய பட்டுப்புடவையில் தைத்த கிமோனோ அங்கி, பெயர் சீமாட்டி. அந்தக் காலத்து அரண்மனைப் பெண்கள் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் பார்த்துக் கதையாக்குவார்களாம். சீமாட்டிக்கும் அதே பழக்கம்.

"காலையிலேர்ந்து கண்ணுல பட்டதைத்தான் சாயங்காலம் சொல்லும், ஐயா. நல்ல இடமா பாத்து வைங்க" என்றாள் கார்குழலி.

மதிவாணன் மிக நல்ல இடமாகப் பார்த்தார். பூட்டு இருந்த ஒரே அறை மணமகள் அறை. அங்கே திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, பேனர் கட்டும் பரபரப்பில் மறந்தும் போனார். சற்று நேரத்தில் செயலாளர் அரிகிருஷ்ணனோடு அதே அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். ஆளுயரக் கண்ணாடியும் அங்கேதான் இருந்தது.

மாலையில் சீமாட்டி மேடையேறி, தலை தாழ்த்தி வணங்கி, மெல்லிய குரலில் தொடங்கியது.

"ஒரு பெருமகனார் இருந்தார். மாலையில் வரப்போகும் ஆச்சரியத்துக்கு அவர் காலையிலிருந்தே தயாரானார்."

மதிவாணன் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஜப்பான் பிரபு என்று நினைத்தார்.

"'எனக்கா?' என்று கண்ணாடியைக் கேட்டார். திருப்தியில்லை. மார்பில் கை வைத்து மறுபடி கேட்டார். தோழர் பொன்னாடையைத் தலைமேல் போட்டார். 'தோள்ல போடுய்யா, போட்டோல முகம் தெரிய வேணாமா' என்றார் பெருமகனார். கண்ணீர் வரவில்லை. சிறு புட்டியிலிருந்து தைலம் தொட்டு இமையில் வைத்தார். வந்தது. சட்டைக் கை நனைந்தது. இவ்வளவு அழகாக ஆச்சரியப்படுபவரை நான் கண்டதில்லை."

மன்றத்து வழக்கப்படி கதையை மூன்று வரிக் கவிதையில் முடித்தது:

"கண்ணாடி முன் ஒருவர்
தனக்கே போர்த்துகிறார் பொன்னாடை
தடதடத்துக் கைதட்டும் மின்விசிறி."

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஏங்க, அந்தத் தைலத்தையா நான் வீடு பூரா தேடினேன்?"

கேட்டுவிட்டுத் தாமரைச்செல்வி சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. பிறகு மண்டபமே சிரித்தது. கீழே நடந்த விழாவிலிருந்து என்னவோ ஏதோ என்று ஆட்கள் மாடியேறி வந்தார்கள். சிலர் கையில் ஜாங்கிரியோடு.

மதிவாணனுக்குக் காது மடல் எரிந்தது. ஓடிவிடலாமா என்று எழுந்தவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மலர்ந்திருந்தது. எத்தனை ஹைக்கூவுக்கு மலராத முகம். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை தைலம் இல்லாமலே கண்ணில் நீர்.

மேடையேறி, பேரொளிப் பட்டம் சீமாட்டிக்கே என்று அறிவித்தார். அரிகிருஷ்ணன் பொன்னாடையைப் போர்த்தினார். அது தலையில்தான் விழுந்தது. கைதட்டல் ஓயவில்லை.

"அந்த மின்விசிறி வரிய இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க" என்றார் தாமரைச்செல்வி. சீமாட்டி சொன்னது. கணவனும் மனைவியும் ஜாங்கிரி தின்றுகொண்டே கேட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் செய்தித்தாள் சுற்றிய ஒரு கற்பலகை இடித்தது. தாள் விலகிய இடத்தில் 'ஹைக்கூப் பேரொளி மதிவாணன்' என்று கிரானைட்டில் வெட்டியிருந்தது.