முதல் வாய்

மூத்த மருமகளும் இளைய மருமகளும் ஒரே அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டே ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள். பேச்சு நின்றுவிட்டால் பேச வேண்டியது நின்றுவிடுமா? எல்லாம் மாமியார் வழியாகப் போய் வந்தது. "அத்தை, உங்க சின்ன மருமகள பால இறக்கச் சொல்லுங்க" என்பாள் மூத்தவள். சின்னவள் பக்கத்திலேயேதான் நிற்பாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருக்கும். "ஏண்டி, நான் என்ன உங்களுக்குத் தபால்காரியா?" என்று மாமியார் கூடத்திலிருந்து கத்துவாள். புருஷன்மாரைக் கேட்கவே வேண்டாம். அண்ணனும் தம்பியும் ஒரே படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். கரைக்கு வரும் நாலு நாளில் இந்த வம்பில் தலையைக் கொடுக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா?

எல்லாவற்றுக்கும் காரணம் மட்டி, காயல் சேற்றில் புதைந்து கிடக்கும் சிப்பி. மூத்தவள் காயலில் மட்டி அள்ளும் பெண்களுக்குத் தலைவி. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி, கையால் அள்ளி வருகிறவர்கள் அவர்கள். சின்னவள் கரையோரத்து ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவள். காயல் தண்ணீரில் கெட்ட பாசி பெருகியிருக்கிறதா, அதைத் தின்ற மட்டியில் விஷம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. டாக்டர் பட்டம் வாங்கியவள், ஆனால் வைத்திய டாக்டர் இல்லை. "ஊசி போடாத டாக்டர்" என்று அவளுக்குப் பெயர் வைத்ததே மூத்தவள்தான். அது சிரித்துப் பேசிய காலம்.

போன வருஷம் சின்னவள், மட்டியில் விஷம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துக் காயலை மூட வைத்தாள். ஒரு பருவம் முழுக்க ஒருத்தியும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கடைசியில் தலைமை ஆய்வகம், விஷமும் இல்லை ஒன்றும் இல்லை, சோதனையில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டது. அதற்குள் மூத்தவள் ஐஸ் கம்பெனியில் இறால் உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தாள். அந்தக் கையோடு வந்து சின்னவளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாரு, நல்லா பாரு" என்றாள். அதுதான் அவள் நேரடியாகச் சொன்ன கடைசி வார்த்தை.

இப்போது அதே சோதனை மறுபடியும் சின்னவளின் கையில் வந்து நின்றது. காயல் கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அன்று காலை எடுத்த மட்டியை அரைத்து, கர்ப்பம் பார்க்கும் அட்டை மாதிரி இருக்கும் அந்த அட்டையில் ஒரு சொட்டு விட்டாள். இரண்டு கோடு தெரிந்தால் நல்லது. ஒன்று மறைந்தால் விஷம். இரண்டாவது கோடு தெரியவும் இல்லை, மறையவும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் இருக்கிற மாதிரி, நிழலில் பிடித்தால் இல்லாத மாதிரி. அட்டையை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனாள்.

மேலதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையைப் பார்த்தார். "தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பியாச்சுல்ல? நாளைக்கு முடிவு வந்துரும். அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க. போன வருஷம் பட்டது போதாதா?"

"அதுக்குள்ள யாராவது சாப்பிட்டுட்டா சார்?"

"முகத்துவாரத்துல இப்ப யாரு இறங்குறாங்க? நீங்கதான சொன்னீங்க, இழுப்பு ஜாஸ்தி, பொம்பளைங்க உள்பக்கந்தான் அள்ளுறாங்கன்னு."

ஆமாம், அவள்தான் சொன்னாள். அந்த ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. சொல்லிவிடலாமா? சொன்னால் எதை நம்பிச் சொல்வது, அந்த மங்கல் கோட்டையா? இந்தத் தடவையும் பொய்யாகப் போனால் மூத்தவள் இந்த ஜென்மத்தில் முகத்தில் விழிக்க மாட்டாள். நாளைக்குத் தெரிந்துவிடும், ஒரு ராத்திரிதானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். படித்தவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்வதில் படிக்காதவர்களுக்குக் கொஞ்சமும் சளைத்தவர்கள் இல்லை.

வாசலிலேயே மட்டி வெந்த வாசனை மூக்கில் ஏறியது.

அடுப்படியில் பெரிய பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஓடெல்லாம் வாய் பிளந்து கிடந்தன. மூத்தவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, தன் தட்டில் கடைசியாக இருந்த ஓட்டிலிருந்து சதையை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். இது அவர்களுக்குள் ஒரு முறை. அன்றைக்கு அள்ளிய மட்டியில் முதல் வாய் தலைவி சாப்பிட வேண்டும். சேற்று நாற்றம், எண்ணெய் வாடை எதுவும் இல்லையென்றால் போனில் எல்லாப் பெண்களுக்கும் குரல் அனுப்புவாள். அதற்குப் பிறகுதான் மற்ற வீடுகளில் அடுப்பு ஏறும், வியாபாரியின் வண்டியும் கிளம்பும். வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட அதற்கப்புறம்தான் சோறு. ஆனால் இந்த விஷத்துக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. வேகவைத்தாலும் போகாது. அது சின்னவளுக்குத் தெரியும்.

"இது எங்க அள்ளினது?" என்று கேட்டாள். யாரையும் பார்க்காமல் பொதுவாகக் கேட்டாள்.

போன வருஷத்திலிருந்து எங்கே அள்ளுகிறோம் என்பதைப் பெண்கள் யாரும் இவள் காதில் போடுவதில்லை. தலைவியின் கட்டளை. மாமியாருக்குத்தான் ரகசியம் வயிற்றில் தங்காது.

"முகத்துவாரத்துலதான். இன்னிக்குத் தண்ணி நல்லா வத்திருச்சாம். எம்புட்டுப் பெருசு பாரேன், ஒவ்வொண்ணும்!"

சின்னவள் அடுத்த நொடி பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டில் கவிழ்த்துவிட்டாள்.

"அத்தை!" என்று அலறிக்கொண்டு எழுந்தாள் மூத்தவள். "இவளுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? கேளுங்க!"

"அதுல விஷம் இருக்கலாம்க்கா. இன்னிக்குச் சோதனையில சந்தேகமா வந்துச்சு. நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க? அத்தை, நீங்க? பிள்ளைங்க?"

"நான் வாயில வைக்கல. பிள்ளைங்க வெளிய விளையாடுதுங்க" என்றாள் மாமியார். அவள் முகம் வெளுத்துவிட்டது.

மூத்தவள் சிரித்தாள். சிரிப்பா அது? "சந்தேகமாம் அத்தை. போன வருஷமும் சந்தேகந்தான். நாங்க நல்லா இருந்தா இவளுக்குப் பொறுக்காது. நான் ஒரு தட்டு சாப்பிட்டாச்சு, நல்லாருக்குன்னு எல்லாருக்கும் சொல்லியும் ஆச்சு. இவ வேலையப் பாத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க."

சின்னவள் தெருவுக்கு ஓடினாள். வாசல் வாசலாக நின்று, "மட்டிய யாரும் சாப்பிடாதீங்க, இறக்கி வைங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். பெண்கள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தார்கள். "ஆரம்பிச்சிட்டியா, தாயே?" என்றாள் ஒருத்தி. "தலைவியே சாப்பிட்டாச்சு, உனக்கென்ன?" என்றாள் இன்னொருத்தி. யாரோ சிரித்தார்கள். ஒருத்தி கதவையே சாத்தினாள். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தவளின் பேச்சை இப்போது யார் கேட்பார்கள்? வியாபாரியின் வண்டியில் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன.

அவள் திரும்பி வந்தபோது மூத்தவள் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். இடது கை உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

"உதடு மதமதன்னு இருக்கா அக்கா?"

"அத்தை, எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க."

"விரல் நுனி?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க!"

அவள் எதை மறைக்கிறாள் என்று சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உதடு மரத்துப்போனது என்று தலைவி ஒத்துக்கொண்டால் காயல் மூடப்படும். மறுபடியும் ஐஸ் கம்பெனி, மறுபடியும் வெடித்த விரல், அத்தனை வீட்டுக்கும் அதே கதி. அதற்கு வாயைத் திறப்பதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற அழுத்தக்காரி அவள். வீம்பு, சுத்த வீம்பு.

மூத்தவள் கொதிக்கக் கொதிக்கத் தேநீரை டம்ளரில் ஊற்றினாள். ஆற்றவில்லை. ஆவி முகத்தில் அடிக்க, அப்படியே தூக்கி மடமடவென்று பாதி டம்ளரைக் குடித்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள். மூத்தவளின் கீழுதடு செக்கச்செவேல் என்று சிவந்து எழும்பியது.

"அக்கா," என்றாள் சின்னவள் மெதுவாக, "சூடு தெரியலையா?"

மூத்தவள் டம்ளரைப் பார்த்தாள். பிறகு சின்னவளைப் பார்த்தாள். ஒரு வருஷத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். அந்தக் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம். டம்ளர் அவள் விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

ஐஸ் வண்டிக்காரர் வீட்டுக்கு எதிரில்தான் இருந்தார். கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார். பிள்ளைகளோடு மாமியார் வாசலில் நின்றுவிட, சின்னவள் மூத்தவளைத் தாங்கி ஏற்றி, பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மூச்சுக் கருவி தயாராக இருக்கட்டும் என்று சொன்னாள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. விஷம் உடம்பை விட்டுப் போகும் வரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

"மிதக்குற மாதிரி இருக்கு" என்றாள் மூத்தவள். நாக்கு தடித்து, வார்த்தை வழுக்கியது. "நான் செத்துருவேனாடி?"

"மாட்டீங்க. நான் விட மாட்டேன்."

"மூடிருவாங்கள்ல, காயல?"

சின்னவளுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. இன்றைக்குத் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பொய் போதும் என்று தோன்றியது. "ஆமாக்கா. மூடுவாங்க. நானே மூடச் சொல்லுவேன்."

மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இந்த நேரத்தில் எத்தனை வீட்டில் பானை இறங்கியிருக்கும், எத்தனை பிள்ளை தட்டோடு உட்கார்ந்திருக்கும் என்று சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். தான் கத்தியதை ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்க வைக்கக்கூடிய ஒரே வாய் பக்கத்தில் மரத்துக்கொண்டிருந்தது.

"போன எடு" என்றாள் மூத்தவள். "எனக்கு விரல் அமுங்கல. நீ பிடி."

சின்னவள் பெண்களின் குழுவைத் திறந்து அவள் வாயருகில் பிடித்தாள்.

"தலைவி பேசுறேன்." ஒவ்வொரு சொல்லையும் மேட்டில் வண்டி தள்ளுகிற மாதிரி தள்ளினாள். "நல்லாருக்குன்னு சொன்னது தப்பு. மட்டிய யாரும் வாயில வைக்காதீங்க. கொட்டுங்க. வண்டிய நிறுத்துங்க. என் நாக்கு எப்படிப் பேசுது பாத்தீங்கள்ல? அதான் விஷம். சாப்பிட்டவ உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க." மூச்சு வாங்கினாள். "சின்னவ சொல்றது நெசம்."

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கால் துவண்டது. உள்ளே கொண்டுபோய்த் தொண்டையில் குழாய் இறக்கி, இயந்திரத்தில் மூச்சை மாட்டினார்கள். கண் இமையைக்கூட அசைக்க முடியாமல் மரக்கட்டையாகக் கிடந்தாள். "நினைவு தப்பல. நீங்க பேசுறது எல்லாம் அவங்களுக்குக் கேக்கும்" என்றார் டாக்டர், ஊசி போடுகிற நிஜ டாக்டர்.

மூத்தவளின் போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. சின்னவள் அவள் காதருகே குனிந்து ஒவ்வொன்றாக ஓட விட்டாள்.

"அக்கா, கொட்டிட்டேன்."

"நானும் கொட்டிட்டேன். பிள்ளை ஒரே அழுகை, பசிக்குதாம். பரவால்ல."

"நான் ரெண்டு வாய் சாப்பிட்டேன்க்கா. கிளம்பிட்டேன், வழியில இருக்கேன்."

"வண்டியிலிருந்து கூடையெல்லாம் இறக்கியாச்சு. வியாபாரி குதிக்கிறான், குதிக்கட்டும்."

"அக்கா, ஏன் பேச மாட்டேங்குற? ஒரு வார்த்த பேசுக்கா."

கடைசியாக மாமியாரின் குரல். "ஏய் பெரியவளே, பிள்ளைங்க வெறுஞ்சோறு தின்னுட்டுப் படுத்துருச்சுங்க. நீ ஒழுங்கா எழுந்து வா. இந்த வயசுல என்னால உன் சட்டியெல்லாம் கழுவ முடியாது." அதற்குப் பிறகு விசும்பல்தான் கேட்டது.

சின்னவள் அதைப் பாதியில் நிறுத்தினாள். மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெடித்து ஆறிய விரல் நுனிகள் சொரசொரவென்று இருந்தன. அழக்கூடாது, இவளுக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டே அழுதாள்.

மறுநாள் தலைமை ஆய்வகத்தின் முடிவு வந்தது. விஷம்தான். மேலதிகாரி போனில், "நாம நெனச்சதுதான்" என்றார். "நாமன்னு சொல்லாதீங்க சார்" என்று சின்னவள் வைத்துவிட்டாள். காயல் மூடப்பட்டது. இரண்டு வாய் சாப்பிட்டவள் உதட்டு மரமரப்போடு தப்பித்தாள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மூத்தவளின் விரல்கள் அசைந்தன. பிறகு குழாயை எடுத்தார்கள். தொண்டை புண்ணாகி, குரல் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி வந்தது. உதட்டில் தேநீர் சுட்ட கொப்புளம். சின்னவள் தண்ணீரை ஸ்பூனில் எடுத்து ஊட்டினாள். மூத்தவள் விழுங்கினாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று கேட்டாள். மாமியார் அங்கே இல்லை. நேராக அவளையே கேட்டாள்.

"மத்தியானம். ஆனா நிச்சயமாத் தெரியாது அக்கா. கோடு மங்கலாத்தான் இருந்துச்சு."

"மத்தியானம் நாங்க தண்ணியிலதான் நின்னோம்."

சின்னவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?" என்றாள்.

"எங்க நம்ப? கிழி கிழின்னு கிழிச்சிருப்பேன்." மூத்தவள் மூச்சை இழுத்து விட்டாள். தானே இழுத்து, தானே விட்டாள். "ஆனாலும் நீ சொல்லியிருக்கணும்டி."