நல்லானின் இடது கைக்கு வந்த உதவித்தொகை

இந்தக் காலத்து ஜனங்களுக்கு அடுத்தவன் கஷ்டத்தைக் கேட்கப் பொறுமை கிடையாது. பாதி சொல்வதற்குள் "அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில பணம் வந்துச்சா இல்லியா" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறப் போய்விடுகிறார்கள். வந்தது. நல்லானுக்கு வரவில்லை, நல்லானின் இடது கைக்கு வந்தது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு வருஷமும் கை ஓரிடத்தில், நல்லான் ஓரிடத்தில்.

மங்கலம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நல்லான் துணி வெட்டிக்கொண்டிருந்தார். அடுக்கடுக்காகப் போட்ட துணியை இடது கையால் அமுக்கிக்கொண்டு வலது கையால் மிசினைத் தள்ளுவது வேலை. எண்பத்து நாலாம் வருஷம் ஆவணியில், அவசர ஆர்டர் என்று விரட்டிய ஒரு நாள், மிசின் இடது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது. நல்லானை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர்கள் கையை எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சங்கு ஊதியபோது கை மேசைமேல் வந்து துணியை அமுக்கிக்கொண்டு நின்றது. முதலாளி பார்த்தார். "நேரத்துக்கு வந்துருச்சா, செரி" என்றார். நல்லான் இடத்துக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த மொக்கைச்சாமியைப் போட்டார்கள். அவருடைய இரண்டு கையும் இந்த ஒரு கையுமாக வேலை இரண்டு பங்கு நடந்தது. கை டீக்குப் போவதில்லை, பீடி குடிப்பதில்லை, நோம்பி பண்டிகைக்கு லீவு கேட்பதில்லை. இதற்குக் கூலி யாரிடம் கொடுப்பீர்கள் என்று நல்லான் ஒருமுறை போய்க் கேட்டார். "வயிறே இல்லாத கைக்குக் கூலி எதுக்குங்க நல்லான்?" என்றார் முதலாளி. நல்லான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கையைத் துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தார். திங்கட்கிழமை விடிந்ததும் அது முடிச்சை அவிழ்த்துக்கொண்டு வேலிச்சந்து வழியாகக் கம்பெனிக்குப் போய்விட்டது. "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிட்டார்.

ஒற்றைக் கைக்காரனுக்கு எந்தக் கம்பெனியும் வேலை தரவில்லை. அவர் மனைவி சாமியாத்தாள் பனியன் கட்டுகளை வீட்டுக்கு வாங்கி வந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டிக் கொடுத்தாள். வெள்ளைப் பனியனில் வெள்ளை நூலைத் தேடித் தேடி இரண்டு வருஷத்தில் கண்ணில் தண்ணீர் வடிந்தது. அப்புறம் நூலோடு சேர்த்துத் துணியையும் வெட்ட ஆரம்பித்தாள். இந்த வேலையை விட்டால்தான் மிச்சக் கண்ணாவது நிற்கும் என்று டாக்டர் சொன்னார். ஊனமுற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறது என்று யாரோ சொன்னார்கள். "கவுருமெண்டு குடுக்கறதாவது, நாம வாங்கறதாவது" என்றார் நல்லான். இருந்தாலும் அவள் கண்ணுக்காகப் போனார்.

தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தா மைப்பெட்டியை நகர்த்தி இடது பெருவிரலை வைக்கச் சொன்னார். நல்லானுக்கு எழுத்து தெரியாது. அவர் வலது விரலை நீட்டினார். "ரேசன் கார்டு, மானாவாரிக் காட்டுப் பத்திரம், எல்லாத்துலயும் உங்க இடது ரேகைதானே இருக்குது? வலது வெச்சா நீங்க வேற ஆளாயிருவீங்க" என்றார் குமாஸ்தா. கை இல்லாததால்தான் மனு என்று நல்லான் சொன்னார். அது சரி, ஆனால் ரேகை வேண்டும் என்றார் அவர். கடைசியில் ரேகைக் கட்டத்தைக் காலியாக விட்டு, நேரில் விசாரித்து முடிவு செய்யவும் என்று எழுதி வைத்தார்கள். விசாரிக்க இரண்டு வருஷம் கழித்து வந்தார்கள்.

வருவாய் ஆய்வாளர் நாளைக்கு வருகிறார் என்று தலையாரி சொல்லிவிட்டுப் போனதும் சாமியாத்தாள் பக்கத்து வீட்டில் இரண்டு சேர் இரவல் வாங்கினாள். இன்னொரு வீட்டில் சுவர்க் கடிகாரம், வேறொரு வீட்டில் பித்தளைக் குடமும் பூப்போட்ட படுக்கை விரிப்பும் வாங்கினாள். கலியாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினாள். "பிச்சைக்கு மனுப் போட்டுட்டு எதுக்குடி இந்தக் கூத்து?" என்று நல்லான் கத்தினார். "ஊடு தேடி வர்றவீங்க முன்னால இல்லீன்னு நிக்கறதுங்களா? நம்ம ஊட்டு மானம் என்னாகறது?" என்றாள். ஆய்வாளர் சேரில் உட்கார்ந்தார், பால் காப்பி குடித்தார், முறுக்குத் தின்றார், கடிகாரத்தில் மணி பார்த்தார். வீட்டில் யாராவது வேலைக்குப் போகிறார்களா என்று கேட்டார். நல்லான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"போகாம என்னங்க சார்? இவீங்க கை போவுதுங்க. ஒரு நாளு லீவு போட்டதில்லீங்க."

ஒன்பது மாதத்தில் பதில் வந்தது. மனுதாரர் வசதியானவர், அவரது கை தொடர்ந்து பணியில் உள்ளது, ஆகவே மனு தள்ளுபடி. நல்லான் மனைவியைத் திட்டவில்லை. அன்றைக்கு இரவல் வாங்கியதையெல்லாம் ஒற்றைக் கையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய்த் திருப்பிக் கொடுத்ததே போதும் என்று இருந்தது அவருக்கு.

பிறகு நான்கு மனு போட்டார். ஆட்சி மாறியது, மனுப் பாரத்தின் நிறம் மாறியது, குமாஸ்தா ரிட்டையர் ஆகி அவர் மகன் வந்தான். பெருமாநல்லூரில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் மொட்டை மணிக்கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, 'கை உள்ளது, வேறு இடத்தில்' என்று எழுதிக் கொடுத்தார். தொண்ணூற்று நாலு வாக்கில் சாமியாத்தாள் புருஷனை இருமலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். பிசிறை மட்டும் விரலால் தடவித் தடவி வெட்டிக்கொண்டே இருந்தாள்.

தொண்ணூற்றாறில் கம்பெனிக்கு வெளிநாட்டு மிசின் வந்தது. அதற்கு அமுக்கிப் பிடிக்க ஆள் தேவையில்லை. கையை வேஸ்ட் துணியோடு மூட்டை கட்டப் போனார்கள். மொக்கைச்சாமி அதை எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நேராக நல்லான் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, ரேகை ரேகைன்னுதானே கேக்குறாய்ங்க? வாங்க, ரேகையையே கூட்டிக்கிட்டுப் போவம்."

"அதுக்கு என்னையத் தெரியுமா?" என்றார் நல்லான்.

"தெரியாட்டி என்னண்ணே, நான் சொல்லி வைக்கிறேன். பன்னெண்டு வருசமா என்கூடத்தானே கெடக்கு."

தாராபுரத்தில் உதவித்தொகை முகாம். வெயிலில் வரிசை நின்று மத்தியானத்துக்கு மேல் மேசையை அடைந்தார்கள். மொக்கைச்சாமி பையைக் கவிழ்த்தார். கை தானாக மையைத் தொட்டுக் கட்டத்தில் பதித்தது. அதிகாரி காட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, ரேகை சரியாக இருக்கிறது என்றார். டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்தார். தலை இல்லை, உடம்பு இல்லை, கால் இரண்டும் இல்லை, வலது கை இல்லை. ஊனம் தொண்ணூற்றைந்து சதவீதம் என்று எழுதினார். இப்போது வேலை இருக்கிறதா என்று கேட்டார்கள். போன வாரம் நிறுத்திவிட்டார்கள் என்றார் மொக்கைச்சாமி. பார்த்துக்கொள்ள யார் என்று கேட்டதற்கு சாமியாத்தாள் பேரைக் கொடுத்தார். அப்போதுதான் அதிகாரி நல்லானை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் யாரு?"

"உடம்புங்க சார்" என்றார் மொக்கைச்சாமி.

"உடம்புக்குத் தனி மனுப் போடணும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுமாதம் ஏழாம் தேதி தபால்காரர் லிங்கசாமி மணியார்டரோடு வந்தார். நல்லான் இடது கை, பாதுகாவலர் சாமியாத்தாள் என்று பேர் இருந்தது. கை கட்டிலின்மேல் ஏறி ரேகை வைத்தது. அடிக்கடி வந்து போகும் மொக்கைச்சாமி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். லிங்கசாமி நோட்டுகளை வைத்ததும் கை அவற்றை ஒழுங்காக அடுக்கி, வழக்கம்போல ஒருதரம் அமுக்கிவிட்டு, சாமியாத்தாள் பக்கம் தள்ளியது. அவள் தடவி எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். வாசலில் புதுப் பனியன் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த கம்பெனிக்காரனிடம், "இனி வேற ஊடு பாத்துக்க கண்ணு" என்றாள். பிறகு தேங்காய் எண்ணெய் எடுத்துக் கையின் வெடிப்புகளில் தேய்க்க ஆரம்பித்தாள். "ஏஞ்சாமி, என்னேரமும் துணியிலயும் பஞ்சுத் தூசியிலயுமே கெடந்தியா?" என்று அதனிடம் பேச்சுக் கொடுத்தாள். அக்கம்பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பென்சன் வரும் வீடு, அவ்வளவுதான்.

"ஏனுங் நல்லாண்ணா, இப்பவாச்சும் கவுருமெண்ட நம்பறீங்களா?" என்றார் லிங்கசாமி, பையை மூடியபடி.

நல்லான் வாசல் நிலவுகால் ஓரம் நின்றபடி எண்ணெயில் மினுங்கும் கையைப் பார்த்தார்.

"பன்னெண்டு வருசம் மொதலாளி சொன்ன பக்கம் அமுக்குச்சு. இப்பக் கவுருமெண்டு சொன்ன பக்கம் அமுக்குது. அது என்னோட கைன்னு நீங்க எல்லாருஞ் சொல்றீங்க. சொல்லிக்கங்க."

வலது கையால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சோறு ஆயிருச்சுங்க என்று உள்ளேயிருந்து சாமியாத்தாள் கூப்பிட்டது கேட்டது. அவர் வாசலில் இறங்கி, மங்கலம் ரோட்டின் வெயில் பக்கமாக, தன்பாட்டுக்கு நடந்து போனார்.